டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது, பெரியப்பா விழுந்துவிட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரிலிருந்து தாராவிக்குப் போயிருந்தேன், பெரியப்பாவைப் பார்க்க. இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் நடக்கிறார். வாசலில் நின்று சந்தை ஒரு பார்வை. பிறகு திரும்பக் கட்டில். ஒரு நடைக்குப் பதினோரு அடி. எண்ணிக்கொண்டே நடக்கிறார்.

வழக்கமாக இங்கே ஹோம் லோன், வட்டி, டிரான்ஸ்பர் புலம்பல் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இன்றைக்குச் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதப் போகிறேன். "நீ பி.காம். தானேப்பா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். எனக்கும் ஏழு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, அது ஒன்று. இன்னொன்று, யோசித்துப் பார்த்தால் இது முழுக்க முழுக்கக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம். எப்படி என்று கடைசிக்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பெரியப்பா விழுந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

பெரியப்பா 1970இல், 19 வயதில், திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி வந்தவர். தாராவியில் தோல் பட்டறையில் பை வெட்டும் வேலை. தோலை விரலால் தடவிப் பார்த்தே என்ன தோல், என்ன கனம் என்று சொல்லிவிடுவார். நான் பேங்க் பரீட்சை எழுதி பம்பாய் வந்து இறங்கியபோது என்னை ஸ்டேஷனில் வந்து அழைத்துப்போனதும், முதல் எட்டு மாசம் சோறு போட்டதும் அவரும் பெரியம்மாவும்தான்.

அவருக்குச் சர்க்கரை வந்து 18 வருஷம். எங்கள் குடும்பத்திலேயே ஒழுங்கான பேஷண்ட் அவர்தான். மாத்திரை ஒரு வேளை தவறாது. டீயில் சர்க்கரை கிடையாது. மூன்று மாத சராசரி கடைசியாக எடுத்தபோது 7.1. டாக்டர் பார்த்துவிட்டு "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். பெரியப்பா அந்த ரிப்போர்ட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார், ஏதோ டிஸ்டிங்ஷன் வாங்கிய பையன் மாதிரி.

ஆனால் இரண்டு வருஷமாகவே சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒருநாள் இரண்டு பேரும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம், முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்க. ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி வந்து காய்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பார்க்கிறேன், பெரியப்பாவின் இடது காலில் செருப்பு இல்லை. "ஒரு கால் செருப்பு எங்க பெரியப்பா?" என்றேன். குனிந்து பார்த்து, "அட, இது எங்க போச்சு?" என்றார். திரும்பிப் போய்த் தேடினால் பாலத்துப் படியில் கிடந்தது. அத்தனை தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வயசாயிடுச்சு, மறதி என்று.

அது மறதி இல்லை. பாதத்திலிருந்து தகவல் வருவது நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்புறம் நடை மாறியது. கால் இரண்டையும் அகட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக, தலையைத் தொங்கப்போட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பட்டறையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனுஷன். போகும்போதெல்லாம் சொல்லுவேன், "என்ன பெரியப்பா, கிழவன் மாதிரி குனிஞ்சுக்கிட்டு? நேரா பாத்து நடங்க."

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "கீழ பாக்காட்டி கால் எங்க கெடக்குன்னே தெரியமாட்டேங்குய்யா."

அதற்கு நான் சொன்ன பதில், "அதெல்லாம் மனசு பெரியப்பா. நீங்களா நெனச்சுக்கறது."

இந்த ஒரு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். மனுஷன் தன் வியாதியை இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர்கூடச் சொல்ல முடியாத அளவுக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவன் முட்டாள்.

விழுந்தது அதிகாலை ஐந்து மணிக்கு, வீட்டு மோரியில். (பம்பாய்க்கு வெளியே இருப்பவர்களுக்கு: மோரி என்றால் ஒற்றை அறை வீட்டின் மூலையில் சின்னத் தடுப்புக் கட்டிக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்திருக்கும் இடம்.) ஆஸ்பத்திரியில் கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "வழுக்கி விழுந்துட்டார்" என்றோம். பேப்பரிலும் அப்படித்தான் எழுதினார்கள்.

நாலாம் நாள் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட், ஒரு மராத்திப் பெண், இருபத்தைந்து வயசுகூட இருக்காது, பெரியப்பாவிடம் இந்தியில் கேட்டாள்: "தாத்தா, தரை ஈரமா இருந்துச்சா?" இல்லை என்றார். காய்ந்துதான் இருந்ததாம். மூஞ்சிக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாராம். "கண்ண மூடினேன், தரை போயிட்டு." ஐம்பது வருஷ தாராவி இந்தியில் அவர் சொன்னதன் தமிழ் இதுதான்.

அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் போய் இசைக்கவை ஒன்றை எடுத்துவந்தாள். பள்ளிக்கூட பிசிக்ஸ் லேபில் பார்த்திருப்பீர்களே, அதேதான். தட்டிவிட்டுப் பெருவிரல் எலும்பில் வைத்தாள். "அதிருதா?" இல்லை. கணுக்காலில் வைத்தாள். இல்லை. முழங்காலில் வைத்தபோதுதான் "ஆங்... இப்ப இருக்கு" என்றார். இரண்டு காலிலும் அதே கதை. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 18 வருஷத்தில் இந்த ஒரு நிமிஷம் யாருக்கும் கிடைக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்

அன்றைக்கு அந்தப் பெண் சொன்னதையும், பிறகு ஒரு மாதமாக நான் தேடிப் படித்ததையும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

நாம் நிற்பது என்பது சும்மா நிற்பது இல்லை. உடம்பு எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கிறது, மூளை அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு மூளைக்கு மூன்று கிளைகளிலிருந்து ரிப்போர்ட் வரவேண்டும். ஒன்று, கண். இரண்டு, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்று, பாதத் தோல், கணுக்கால், கால் தசை. இந்த மூன்றாவதுதான் "எடை இப்போது குதிகாலில் இருக்கிறது, முன்னால் சாய்கிறாய், தரை சரிவாக இருக்கிறது" என்று நொடிக்கு நொடி சொல்கிற கிளை.

சர்க்கரை முதலில் கை வைப்பது இந்த மூன்றாவது கிளையில். இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் நரம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நீளமான நரம்பின் நுனிதான் முதலில் கெடுகிறது. அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்தல் இருக்கும். சிலருக்குப் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுவோம். உணர்ச்சி இல்லாததை எப்படிச் சொல்வது?

இனி என் சப்ஜெக்ட். காமர்ஸ் படித்தவர்களுக்கு டிரையல் பேலன்ஸ் தெரியும். (பிளஸ் டூவில் 'இருப்பாய்வு' என்று படித்தோம்.) பற்றும் வரவும் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பதுதான் வாத்தியார் அடுத்த நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். 'ஈடுசெய் பிழை' என்று ஒன்று இருக்கிறது. ஒரு இடத்துத் தப்பை இன்னொரு இடத்துத் தப்பு சரிக்கட்டிவிடும். கடைசி வரி டாலி ஆகிவிடும். உள்ளே ஓட்டை அப்படியே இருக்கும்.

பெரியப்பாவின் நடை அதுதான். பாதத்திலிருந்து ரிப்போர்ட் வரவில்லை. அந்தப் பற்றாக்குறையை கண் ஈடுகட்டியது. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தது அதற்குத்தான். காலை அகட்டி வைத்ததும், சின்ன அடி வைத்ததும் அதற்குத்தான். நான் அசிங்கம் என்று நினைத்த கூனல் நடை, அவர் உடம்பு தானாகக் கண்டுபிடித்த பாதுகாப்பு ஏற்பாடு. அதைத்தான் நான் வாராவாரம் போய்க் கலைத்துக்கொண்டிருந்தேன். சோப்பு போட்டுக் கண்ணை மூடிய மூன்று நொடியில் ஈடுசெய்த எண்ட்ரி போய்விட்டது, ஓட்டை வெளியே வந்துவிட்டது.

இது புதுசும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பர்க் என்ற நரம்பு மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது வேறு வியாதி, தண்டுவடம் கெட்டுக் கால் உணர்ச்சி போனவர்கள். காலைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னால் ஆடிவிடுவார்கள். இன்றைக்கும் அந்தச் சோதனைக்கு அவர் பேர்தான். முகம் கழுவும்போது தடுமாறுகிறதா என்று கேட்பது நரம்பு டாக்டர்களின் பழைய வழக்கமாம்.

தாராவிச் சந்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பகலிலேயே பாதி இடத்தில் வெளிச்சம் இல்லை. காலடியில் சாக்கடை மேல் போட்ட சிமெண்ட் பலகைகள், ஒன்று ஏற்றம் ஒன்று இறக்கம். மாடி அறைக்கு ஏறச் செங்குத்தான இரும்பு ஏணி. ராத்திரி இரண்டு மணிக்குப் பொதுக் கழிப்பறைக்கு நடந்து போகவேண்டும். கண்ணையும் மூடி, தரையையும் ஆட்டி வைக்கிற சோதனையை அங்கே இருக்கும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியும் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார். பாஸானால் வீடு, ஃபெயிலானால் எலும்பு வார்டு.

இது நம் வீட்டுக் கதை மட்டுமா?

இல்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்கு, அதாவது நாலில் ஒருத்தருக்கு, கால் நரம்பு பாதிப்பு இருந்தது. சென்னை விகிதத்தை நாடு முழுக்கப் பொருத்தக்கூடாது, சரி. பாதி என்று வைத்தாலும் ஒரு கோடிக்கு மேல் வருகிறது.

பாதம் மட்டும் இல்லை. சர்க்கரை கண் திரையைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்காதையும் விடுவதில்லை போலிருக்கிறது. 40 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்துச் செய்து 2009இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்காதுச் சமநிலைக் கோளாறு மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் இருந்தது. ஆக, மூன்று கிளையிலும் ஒரே ஆள் கை வைக்கிறான்.

இதற்கு மேல் மூன்று சில்லறை விஷயங்கள். சில்லறை என்று சொன்னாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

ஒன்று: படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் சரிகிறது. ரத்தக்குழாயைச் சுருக்க வேண்டிய நரம்பும் சர்க்கரையால் கெட்டுப்போவதுதான் காரணம். பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய வீழ்ச்சி. உங்கள் டாக்டர் என்றைக்காவது நிற்கவைத்து பி.பி. பார்த்திருக்கிறாரா? எனக்குப் பார்த்ததில்லை.

இரண்டு: பி12. மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும், தடுமாற்றம் வரும். அந்த வைட்டமின் முக்கியமாக அசைவத்திலும் பாலிலும்தான் இருக்கிறது. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகச் சைவம் சாப்பிட்டு, பத்து வருஷமாக மெட்ஃபார்மின் போடும் மாமிகள் எத்தனை பேர்! இதில் நல்ல செய்தி, இது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் மலிவு.

மூன்று: தாழ்சர்க்கரை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் தலை சுற்றி விழுவது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்டவில்லை.

ஒற்றைக்கால் சமாச்சாரம்

2022இல் பிரேசிலில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 51 முதல் 75 வயது வரை 1,702 பேர். எல்லோரையும் எதையும் பிடிக்காமல் ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். மூன்று தடவை முயற்சி செய்யலாம். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்கள் அடுத்த ஏழு வருஷ வாக்கில் இறக்கும் அபாயம், வயசு முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், 84 சதவீதம் அதிகமாக இருந்தது. அவர்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. முடிந்தவர்களில் 13 சதவீதம்தான்.

ஒற்றைக்காலில் நிற்க முடியாததால் செத்துப்போகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. அது ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். செக் ரிட்டர்ன் ஆவதால் கம்பெனி திவாலாவதில்லை, ஆனால் செக் ரிட்டர்ன் ஆனால் நாங்கள் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போம் இல்லையா?

இதைப் படித்த அன்று ராத்திரி செம்பூர் வீட்டு ஹாலில், சுவர் ஓரமாக, மனைவியை ஸ்டாப்வாட்சோடு நிற்கவைத்துச் செய்து பார்த்தேன். இடது கால்: 10 விநாடி, கொஞ்சம் ஆட்டம். வலது கால்: ஆறு. இன்னொரு தடவை: ஏழு. மூன்றாவது தடவைதான் பத்து. எனக்கு வயசு 46. பையன் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே சிப்ஸ் தின்றான்.

மறுநாள் ஊரில் அம்மாவுக்கு போன் போட்டேன். அவளுக்கும் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. தங்கச்சியைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒற்றைக்காலில் நின்று பார் என்றேன். "ஒத்தக்கால்ல நிக்க நான் என்ன கொக்கால?" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணே, ரெண்டு விநாடிகூட நிக்கல. என் தோளப் புடிச்சுட்டா." ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

என் கட்சி இதுதான்

சர்க்கரை வியாதியை நாம் ஒரே ஒரு நம்பராக ஆக்கிவிட்டோம். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதம் எவ்வளவு. நம்பர் நல்லா இருந்தால் ஆள் நல்லா இருக்கிறார். டெபாசிட் டார்கெட் வந்துவிட்டால் கிளை நல்லா நடக்கிறது என்று மேலிடம் நினைக்கிற மாதிரி. நம்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கட்டுக்குள் இருந்தால்தான் நரம்பு மெதுவாகக் கெடும். ஆனால் அந்த நம்பர் ஆள் எப்படி நிற்கிறார் என்று சொல்லாது. விழுவதை மட்டும் விதி, வயசு, ஈரத்தரை என்று எழுதிவிடுகிறோம்.

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் என்ன செய்வார்?" நியாயமான கேள்வி. கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கஷ்டம் புரியும். ஆனால் இதை டாக்டர்தான் செய்யவேண்டும் என்று இல்லையே. இசைக்கவையை நர்ஸ் வைக்கலாம். கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பக்கத்தில் ஒரு உதவியாளர் நிற்கலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. பம்பாயில் 2022இல் ஆரம்பித்த 'ஆப்லா தவாகானா' கிளினிக்குகள் சேரிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சர்க்கரை பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை காலையும் நிற்பதையும் பார்த்து அட்டையில் எழுதினால் எவ்வளவு செலவாகிவிடும்?

இந்த அறிவு நமக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதும் இல்லை. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் கிருமி தின்று போவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத்தான் போகின்றன என்று காட்டினார். உணர்ச்சியற்ற காலுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு தொழுநோயாளிகளுக்காக வந்தது. இன்றைக்கு அதே செருப்பைத்தான் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். நம்ம மாட்டுங்காவில் 1890இல் தொடங்கிய தொழுநோய் இல்லம், அக்வர்த் ஆஸ்பத்திரி, தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வடாலாவில் இருக்கிறது. உணர்ச்சி இல்லாத காலோடு எப்படி வாழ்வது என்று நூறு வருஷத்துக்கு மேல் பார்த்த ஊர் இது.

அடுத்தவனை மட்டும் குறை சொன்னால் எப்படி? எங்கள் பேங்குகளும் லேசுப்பட்டவை இல்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு ரோட்டிலிருந்து மூன்று படி, பளபள கிரானைட், பிடிக்கக் கம்பி கிடையாது. நவம்பர் மாசம் உயிர்வாழ் சான்றுக்குப் பென்ஷன்காரர்கள் வருவார்கள். "நிமிர்ந்து இந்த போனைப் பாருங்க சார்" என்று நாங்களே சொல்லுவோம். தலையை நிமிர்த்தியதும் ஒரு கை தானாகக் கவுண்டரைத் தேடும். இத்தனை வருஷம் அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கவனித்ததில்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய் அடிப்படைச் சேவை செய்யவேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை விட்டாயிற்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகத் தைரியமாகக் கேளுங்கள். கேட்டால்தான் நாங்கள் செய்வோம். (எழுதிவிட்டேன், நாளைக்கு மேனேஜர் கூப்பிடாமல் இருக்கவேண்டும்.)

தாராவி மறுசீரமைப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை சதுர அடி, யாருக்குத் தகுதி என்றுதான் கேட்கிறோம். குளியலறைச் சுவரில் ஒரு கம்பி உண்டா, ராத்திரி மாடிப்படியில் விளக்கு எரியுமா என்றும் யாராவது கேட்டால் தேவலை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் லேசாக, ஒரே ஒரு விநாடி தொடுங்கள். அழுத்தக்கூடாது, தடவக்கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

2. ஒற்றைக்கால் சோதனையை எப்போதும் சுவர் பக்கத்தில், ஒருத்தர் கையெட்டும் தூரத்தில் நிற்கச் செய்யுங்கள். ஏற்கெனவே தடுமாறுகிறவர்கள் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

3. சமநிலையைப் பழகலாம். வயதானவர்களுக்கு முறையான உடற்பயிற்சி விழுவதைக் கிட்டத்தட்ட கால்வாசி குறைக்கிறது என்று 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நடப்பது. சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை இப்படிப் பயிற்சி வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல். வாக்கிங் மட்டும் போதாது.

4. ராத்திரி ஜீரோ வாட் பல்பு எரியட்டும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். குளிக்கிற இடத்தில் ஒரு கம்பி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முகம் கழுவுவது உட்கார்ந்துதான்.

5. ஹவாய் செருப்பு வேண்டாம். பின்னால் வார் வைத்தது வேண்டும்.

6. பி12 ஒரு தடவை பாருங்கள். நிற்கவைத்து பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

பெரியப்பாவுக்குக் கம்பி நான்தான் மாட்டினேன், போன ஞாயிறு அன்று. டிரில்லிங் மெஷின் பக்கத்துப் பட்டறைப் பையன் கொடுத்தான். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னும் ரெண்டு விரக்கடை கீழ வைய்யா" என்றார். அளவு விஷயத்தில் அவர் கண் தப்பாது. கீழே வைத்தேன்.

பிறகு எழுந்து வாக்கரோடு நடந்தார். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டார், பழைய பயம். "கீழ பாத்தே நடங்க பெரியப்பா" என்றேன். ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். அன்றைக்குப் பதினான்கு அடி.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பீர்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "முகம் கழுவும்போது தடுமாறுதா?" பதில் என்ன வந்தாலும், தயவுசெய்து "அதெல்லாம் மனசு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பி.கு: நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வட்டி விகிதம் பற்றிய பதிவு அடுத்த வாரம். என் வலது கால் இப்போது ஒன்பது விநாடிக்கு வந்திருக்கிறது, முதல் முயற்சியிலேயே.